பாசிசம் வருவதை எப்படிக் கண்டுகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1919 நவம்பரில் இத்தாலியில் நடந்த தேர்தலில் முசோலினியின் இயக்கத்துக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் பிரதமர். 1928-ல் ஜெர்மனியில் ஹிட்லரின் கட்சி வாங்கியது 2.6 சதவீத வாக்கு. ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் நாடே அவர் கையில். இடைப்பட்ட காலத்தில் அங்கே இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பற்றியவையே இந்தக் கேள்விகள்.

பாசிசம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. ஆனாலும் நான்கு சரக்குகள் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம். நம் தேசம் அவமானப்பட்டுச் சீரழிந்து கிடக்கிறது என்ற ஓயாத புலம்பல். அதற்குக் காரணம் உள்ளுக்குள்ளேயே இருக்கும் துரோகிகள் என்ற குற்றச்சாட்டு. அவர்களை அகற்றிப் பழைய பெருமையை மீட்க ஒரே ஒரு தலைவரால்தான் முடியும் என்ற நம்பிக்கை. அந்தக் காரியத்துக்காக அடிப்பதும் கொல்வதும் குற்றமல்ல, கடமை என்ற மனநிலை. தனித்தனியாக இவை பல அரசியல்களில் உண்டு. நான்காவதுதான் பாசிசத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

கொள்கை அறிக்கையை வைத்து அடையாளம் காண முயல வேண்டாம். முசோலினி 1914 வரை சோசலிசக் கட்சியின் நாளிதழுக்கு ஆசிரியர். 1919-ல் அவருடைய இயக்கம் பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, திருச்சபைச் சொத்துப் பறிமுதல் எல்லாம் கேட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1929-ல், அதே முசோலினி போப்பாண்டவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். எது கைக்கு வசதியோ அது கொள்கை.

எல்லா சர்வாதிகாரமும் பாசிசம்தானே?

இல்லை. வழக்கமான சர்வாதிகாரி மக்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தால் போதும் என்று நினைப்பார். பாசிசத் தலைவருக்கு அது போதாது; மக்கள் சீருடை போட்டுத் தெருவுக்கு வர வேண்டும், கோஷம் போட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். போர்ச்சுகலின் சலசார் கடுமையான சர்வாதிகாரிதான். ஆனால் தன் நாட்டில் நீலச்சட்டை போட்டு ஊர்வலம் போன பாசிசக் குழுவை 1934-ல் அவரே தடை செய்தார். சிறையில் அடிபடுகிறவருக்கு இந்த வேறுபாடு எந்த ஆறுதலையும் தராது. அறிகுறி தேடுகிறவருக்கு மட்டும் பயன்படும்: ராணுவப் புரட்சி ஓர் இரவில் வந்துவிடும், பாசிசம் ஆண்டுக்கணக்கில் தெருவில் தெரிந்துகொண்டே வரும்.

முதலில் கண்ணில் படும் அறிகுறி எது?

தண்டிக்கப்படாத அடிதடி. பலர் தலைவரின் ஆவேசப் பேச்சை முதலிடத்தில் வைப்பார்கள். பேச்சு எப்போதும் எங்கும் இருக்கும்; அடித்தவன் மறுநாள் காலையில் எங்கே இருக்கிறான் என்பதே கேள்வி.

1920-ன் இறுதியிலிருந்து வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் முசோலினி இயக்கத்தின் கறுப்புச் சட்டைக் குழுக்கள் லாரிகளில் வந்து இறங்கின. தொழிற்சங்கக் கட்டடங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் சோசலிசப் பத்திரிகைகளின் அச்சகங்களையும் கொளுத்தின. எதிர்த்தவர்களைத் தடியால் அடித்தன. பிடித்துவைத்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றின. விவசாயக் கூலிகளின் வேலைநிறுத்தங்களால் மிரண்டுபோயிருந்த நிலச்சுவான்தார்கள் பணம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சிகள் மிரட்டலுக்குப் பயந்து பதவி விலகின. போலீஸ் பல இடங்களில் வேடிக்கை பார்த்தது. சில இடங்களில் ராணுவ அதிகாரிகள் வண்டியும் ஆயுதமும் கொடுத்தே உதவினார்கள். இவ்வளவும் நடந்தபோது முசோலினி ஆட்சியில் இல்லை. ரோமில் இருந்தது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு.

ஜெர்மனியிலும் இதே கதை. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் நான்கு போலீஸ்காரர்கள் செத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுச் சிறை. 1924 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டார். 1932 ஆகஸ்டில் பொட்டெம்பா என்ற கிராமத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியை, அவருடைய தாயின் கண்ணெதிரே, அடித்துக் கொன்றார்கள். ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதும் ஹிட்லர் கொலையாளிகளுக்கு ஆதரவுத் தந்தி அனுப்பினார். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மார்ச்சில் ஐந்து பேரும் விடுதலை.

அந்தத் தந்தி ரகசியமல்ல. பத்திரிகைகளில் வந்தது. படித்த பிறகும் கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள், பெரிய மனிதர்கள் அந்தக் கட்சியுடன் பேச்சுவார்த்தை நடத்தினார்கள்.

பெரும்பான்மை மக்கள் விரும்பித்தானே இவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள்?

எண்கள் அப்படிச் சொல்லவில்லை. சுதந்திரமான தேர்தலில் ஹிட்லரின் கட்சி தொட்ட உச்சம் 1932 ஜூலையில் 37.3 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 33.1 ஆக இறங்கியது. அலை ஓய்கிறது என்று பலரும் எழுதத் தொடங்கிய நேரத்தில்தான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்றவர்கள் பழைய பழமைவாதிகள். இரண்டு மாதத்தில் ஹிட்லரை மூலையில் ஒதுக்கிவிடலாம் என்று துணைப் பிரதமர் பாப்பன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. புலிவாலைப் பிடித்த கதை.

இத்தாலியிலும் கதவு உள்ளே இருந்துதான் திறந்தது. 1921 தேர்தலில் மூத்த தலைவர் ஜியோலிட்டி, சோசலிஸ்டுகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுவார்கள் என்று பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். அதன் வழியாக அவர்கள் 35 இடங்களுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். 1922 அக்டோபர் 28 அன்று கறுப்புச் சட்டையினர் ரோமை நோக்கி நடந்தபோது, ராணுவச் சட்டத்தை அறிவிக்கும்படி பிரதமர் ஃபாக்டா மன்னரைக் கேட்டார். மன்னர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஊர்வலத்தில் நடக்காத முசோலினி, மன்னரின் அழைப்பு வந்த பிறகு மிலானிலிருந்து ரயிலேறி வந்து பதவியேற்றார்.

ஆகவே, தீவிரவாதக் கட்சியின் வாக்கு சதவீதத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது பாதி வேலைதான். மரியாதைப்பட்ட பழைய கட்சிகளும் பணக்காரர்களும் அதிகாரிகளும் அதனிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் மீதி விஷயம் இருக்கிறது. “கொஞ்சம் முரடர்கள்தான், ஆனால் நமக்கு உபயோகப்படுவார்கள்” என்ற பேச்சு எங்கே கேட்கிறதோ அங்கே நிமிர்ந்து உட்காருங்கள்.

பொருளாதாரம் சரிந்தால் பாசிசம் வந்துவிடுமா?

உதவும், ஆனால் போதாது. ஜெர்மனியில் 1932-ல் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அந்த விரக்தி நாஜிகளுக்கு உரம் போட்டது உண்மை. ஆனால் 1933-ல் அமெரிக்காவிலும் உழைப்பாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அங்கே வந்தது, தேர்தலில் வென்ற குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். ஸ்வீடனில் அதே ஆண்டு தொழிலாளர் கட்சியும் விவசாயிகள் கட்சியும் பேரம் பேசி உடன்பாட்டுக்கு வந்தன, ஜனநாயகம் தப்பித்தது. இத்தாலியில் பாசிசம் 1929 பெருமந்தத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

பேச்சில் எதைக் கவனிப்பது?

மூன்று விஷயங்கள். ஒன்று, மனிதர்களை நோய், ஒட்டுண்ணி, பூச்சி என்று சொல்வது. ஒரு கூட்டத்தை நோய் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்தைச் சொல்லவே தேவையில்லை, கேட்பவரே முடித்துக்கொள்வார்.

இரண்டாவது, எதிரியின் அளவு. எதிரி ஒரே நேரத்தில் கேவலமானவனாகவும் உலகையே ஆட்டிவைப்பவனாகவும் காட்டப்படுவான். 1933-ல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு தொகைதான் நாட்டையே விழுங்கிவிட்டது என்று கோடிக்கணக்கானவர்களை நம்பவைக்க முடிந்தது.

மூன்றாவது, கடந்த காலத்தைப் பற்றிய பொய். 1918 செப்டம்பர் இறுதியில், போரில் இனி வெல்ல முடியாது, உடனே சமாதானம் பேசுங்கள் என்று அரசை நெருக்கியது ஜெர்மன் ராணுவத் தலைமைதான். பேசப் போனவர்கள் அரசியல்வாதிகள். ஓராண்டு கழித்து நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் தளபதி ஹிண்டன்பர்க், ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சியம் சொன்னார். தோற்றவர் தப்பித்துக்கொண்டார், பழி உள்நாட்டுத் துரோகிகள் தலையில் விழுந்தது. அதற்குப் பிந்தைய நாஜிப் பிரசாரம் முழுக்க அந்தப் பொய்யின் மேல் கட்டியதுதான். அன்று அதை மறுப்பதற்கான ஆவணங்கள் இருந்தன. மறுக்கும் பொறுமைதான் குறைவாக இருந்தது.

அப்படியானால் தேசப்பற்று தவறா?

இல்லை. தன் நாட்டின் தவறைச் சொல்பவரையும் நாட்டுக்காரராக ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பற்று.

தேர்தல் நடந்துகொண்டுதானே இருக்கிறது, பிறகு என்ன பயம்?

தேர்தல் நடக்கிறதா என்பதோடு தேர்தல் விதி யாருக்காக மாற்றப்படுகிறது என்பதையும் பாருங்கள். 1923-ல் இத்தாலி நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: அதிக வாக்கு வாங்கும் அணி 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். பாசிஸ்டுகளுக்கு அப்போது பெரும்பான்மை இல்லை; மற்ற கட்சிக்காரர்கள் வாக்களித்தும் ஒதுங்கி நின்றும் அதை நிறைவேற்ற உதவினார்கள். 1924 ஏப்ரலில் அடிதடிக்கு நடுவே தேர்தல் நடந்தது. மே 30 அன்று அந்த முறைகேடுகளை நாடாளுமன்றத்தில் அடுக்கிக் காட்டினார் சோசலிஸ்ட் தலைவர் ஜியாகோமோ மட்டியோட்டி. ஜூன் 10 அன்று அவர் ரோம் தெருவில் கடத்தப்பட்டார். ஆகஸ்டில் பிணமாகக் கிடைத்தார்.

அந்தக் கோடையில் முசோலினியின் ஆட்சி ஆட்டம் கண்டது. எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, மன்னர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. மன்னர் எதுவும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, முடிந்தால் நடவடிக்கை எடுங்கள் என்ற தொனியில் சபையில் பேசினார். யாரும் எடுக்கவில்லை. உண்மையான சர்வாதிகாரம் அந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றே வரலாற்றாசிரியர்கள் பலரும் கணக்கு வைக்கிறார்கள்.

இது எவ்வளவு வேகத்தில் நடக்கும்?

ஜெர்மனியில் ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசரச் சட்டத்தால் பேச்சு, கூட்டம், பத்திரிகை உரிமைகள் ரத்து. மார்ச் 22 அன்று டாஹௌ வதைமுகாம் திறக்கப்பட்டது. மறுநாள் நாடாளுமன்றம் 444-க்கு 94 என்ற வாக்கில் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசுக்கே எழுதிக் கொடுத்தது. கம்யூனிஸ்டுகள் உள்ளேயே விடப்படவில்லை. எதிர்த்து வாக்களித்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். மே 2-ல் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, மே 10-ல் புத்தகங்கள் எரிக்கப்பட்டன, ஜூலை 14-ல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி கூடாது என்று சட்டம் வந்தது.

இத்தாலியில் இதே தூரத்தைக் கடக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. வேகம் குறைவாக இருந்தால் பாசிசம் இல்லை என்று அர்த்தமல்ல.

பத்திரிகைகள் தடை செய்யப்பட்டால் தெரிந்துவிடுமே?

தடைக்கு முன்பே ஆசிரியர்கள் காணாமல் போவார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற கொரியரே டெல்லா செரா நாளிதழைத் தடை செய்யவில்லை; 1925-ல் அதன் ஆசிரியர் லூயிஜி அல்பெர்ட்டினி வெளியேற்றப்பட்டார், பத்திரிகை அதே பெயரில் தொடர்ந்து வந்தது. வாசகருக்குக் காலையில் அதே தாள்தான் கிடைத்தது.

பெண்களை நடத்தும் விதத்தில் ஏதாவது தெரியுமா?

தெரியும். பெண்ணின் வேலை நாட்டுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுப்பது என்று அரசு பேசத் தொடங்கினால் கவனியுங்கள். முசோலினி 1927-ல் திருமணமாகாத ஆண்களுக்கு வரி போட்டார். ஹிட்லர் அரசு 1933-ல் திருமணக் கடன் கொடுத்தது. மணப்பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. மக்கள்தொகையைப் பற்றிய பீதியும் அந்நியர் பெருகிவிடுவார்கள் என்ற பேச்சும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

ஆனாலும் அந்த ஆட்சிகளில் ஒழுங்கு இருந்ததாமே? ரயில்கள் நேரத்துக்கு ஓடினவாமே?

இந்த ரயில்களுக்கு ஓய்வே கிடையாது போலிருக்கிறது. முதல் உலகப் போரில் சீரழிந்த இத்தாலிய ரயில்வேயைச் செப்பனிடும் வேலை பாசிஸ்டுகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எல்லா ரயில்களும் நேரத்துக்கு வந்தன என்பதும் பிரசாரம்தான்.

கேள்விக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. குறிவைக்கப்படாதவர்களுக்கு வாழ்க்கை வழக்கம்போலவும், சில நேரம் முன்னைவிட இனிமையாகவும் இருந்தது. ஜெர்மனியில் 1933-லேயே மலிவு விலை வானொலிப் பெட்டி 76 மார்க்குக்கு வந்தது, தொழிலாளர்களுக்கு அரசு உல்லாசப் பயணம் நடத்தியது. பக்கத்து வீடு காலியானதைத் தவிர அந்தத் தெருவில் எதுவும் மாறியிருக்காது. அதனால், எனக்கு எந்தத் தொல்லையும் இல்லையே என்பது ஒரு சான்றாகவே ஆகாது.

இணையத்தில் சுற்றும் “பாசிசத்தின் 14 அறிகுறிகள்” பட்டியலை நம்பலாமா?

இரண்டு பட்டியல்கள் சுற்றுகின்றன. ஒன்று, பாசிச இத்தாலியில் சிறுவனாக வளர்ந்த எழுத்தாளர் உம்பெர்த்தோ ஈக்கோ 1995-ல் எழுதியது. அது ஆழமானது, அவருடைய 14 கூறுகளில் ஒன்று இருந்தாலே பாசிசம் அதைச் சுற்றி உறைந்து சேர முடியும் என்கிறார். மற்றது லாரன்ஸ் பிரிட் என்பவர் 2003-ல் ஓர் அமெரிக்க இதழில் எழுதியது. வாஷிங்டன் யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்தின் கண்காட்சியில் இது தொங்குவதாகச் சொல்லிப் பகிர்கிறார்கள். உண்மையில் அது அங்குள்ள கடையில் விற்ற சுவரொட்டி. நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம். 14-க்கு 9 என்று மதிப்பெண் போடுவது வீண் வேலை.

பிடிக்காத எல்லா அரசையும் பாசிசம் என்று சொல்லலாமா?

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியே உதாரணம். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குள்ள கம்யூனிஸ்ட் கட்சி, மாஸ்கோவின் வழிகாட்டலில், சமூக ஜனநாயகவாதிகளை “சமூக பாசிஸ்டுகள்” என்று அழைத்து அவர்களையே முதல் எதிரியாக நடத்தியது. 1932 நவம்பரில் இந்த இரு கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் நாஜிகளைவிட அதிகம். சேர்ந்து நிற்கவில்லை. சில மாதங்களில் இருவரும் ஒரே முகாமில் அடைபட்டார்கள்.

ஸ்டாலின் ஆட்சியிலும் இதே கொடுமைகள் இருந்ததே என்று கேட்பவர்களுக்கு: இருந்தன, எண்ணிக்கையில் மலைக்கவைக்கும் அளவுக்கு. ஆனால் அது அதிகாரத்துக்கு வந்த வழி வேறு, ஆகவே வருமுன் தெரியும் அறிகுறிகளும் வேறு.

எங்காவது இதைத் தடுத்திருக்கிறார்களா?

தடுத்திருக்கிறார்கள். பின்லாந்தின் கதை இன்னும் அதிகம் பேருக்குத் தெரிய வேண்டியது. 1929-ல் லாபுவா என்ற ஊரில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு என்ற பெயரில் கிளம்பிய இயக்கம், எதிரிகளைக் காரில் கடத்தி ரஷ்ய எல்லையில் கொண்டுபோய் விடுவதை வழக்கமாக்கிக்கொண்டது. முதலில் பழமைவாதக் கட்சிகள் தட்டிக்கொடுத்தன. அது கேட்ட கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சட்டங்களும் 1930-ல் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அந்த இயக்கத்தினர் நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஸ்டால்பெர்கையும் அவர் மனைவியையும் கடத்தியபோது நாடு அதிர்ந்தது. 1932-ல் மன்ட்சாலாவில் ஆயுதம் ஏந்தித் திரண்டார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃவுட், அந்த இயக்கத்தின் ஆதரவோடு பதவிக்கு வந்த பழமைவாதி. ரோமின் மன்னர் செய்யாததை அவர் செய்தார்: வானொலியில் பேசி, வீட்டுக்குப் போங்கள் என்றார். கலகம் பிசுபிசுத்தது. இயக்கம் தடை செய்யப்பட்டது, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க என்று அவர்கள் கேட்டு வாங்கிய சட்டத்தின் கீழேயே.

பெல்ஜியத்தில் 1936 தேர்தலில் லியோன் டெக்ரெலின் பாசிசப் பாணிக் கட்சி 21 இடங்களைப் பிடித்தது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் அவரே நின்றார். கத்தோலிக்கரும் லிபரல்களும் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் தங்கள் சண்டையை ஒத்திவைத்து, பிரதமர் வான் ஜீலாண்டைப் பொது வேட்பாளராக ஆதரித்தார்கள். டெக்ரெல் கத்தோலிக்க வாக்குகளை நம்பியிருந்தார். வாக்கெடுப்புக்கு முன் திருச்சபையின் கர்தினாலே அவரைக் கண்டித்தார். பிரதமருக்குச் சுமார் 76 சதவீதம், டெக்ரெலுக்கு 19.

இரண்டு இடங்களிலும் திருப்பிவிட்டவர்கள், இவர்கள் நம் ஆட்கள்தானே என்று விட்டுவிட்டிருக்கக் கூடியவர்கள்.

அதிகாரத்தில் இல்லாத ஒருவர் என்ன செய்ய முடியும்?

தன் தொழிலுக்குள் செய்ய முடிந்ததுதான் அதிகம். 1931-ல் இத்தாலியப் பேராசிரியர்கள் பாசிச ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன். மற்றவர்களில் பெரும்பாலோர் பாசிஸ்டுகள் அல்ல. சம்பளமும் குடும்பமும் இருந்தவர்கள். அரசுக்கு அவர்களுடைய மனம் தேவைப்படவில்லை, கையெழுத்து போதுமானதாக இருந்தது.

எதிர்ப்பக்கம் நார்வே. 1942-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் புதிய பாசிசச் சங்கத்தில் சேர வேண்டும் என்று ஜெர்மனிக்கு ஒத்துழைத்த குவிஸ்லிங்கின் அரசு கட்டளையிட்டது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். சுமார் 1,000 பேர் கைதானார்கள். அவர்களில் பலர் ஆர்க்டிக் பகுதியில் உள்ள கிர்கனெஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு அந்தச் சங்கத் திட்டத்தைக் கடைசியில் கைவிட்டது. தனியாக மறுத்தவர் வேலையை இழந்தார், சேர்ந்து மறுத்தபோது அரசு பின்வாங்கியது. எனவே சங்கம், நூலகக் குழு, வழக்கறிஞர் மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் நல்ல காலத்திலேயே உறுப்பினராக இருப்பது வீண் போகாது.

செய்தி படிக்கும்போது எதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்?

ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து விடாமல் பின்தொடருங்கள். கும்பல் தாக்குதல், பத்திரிகையாளர் கொலை, வழிபாட்டிடம் எரிப்பு, ஏதாவது ஒன்று. யார் கைதானார், அடித்தவரா அடிபட்டவரா? ஜாமீன் யாருக்குச் சீக்கிரம் கிடைத்தது? விசாரணை அதிகாரி மாற்றப்பட்டாரா, சாட்சிகள் பேச்சை மாற்றினார்களா? வெளியே வந்தவருக்கு மாலை போட்டது யார், அந்தப் படத்தில் பக்கத்தில் நின்ற அரசியல்வாதி எந்தக் கட்சி? தீர்ப்பு எப்போது வந்தது, வந்ததா? தலைப்புச் செய்தி மூன்று நாளில் மறைந்துவிடும். இந்த விடைகள் உள்பக்கத்தில், இரண்டு பத்தியில், ஆறு மாதம் கழித்து வரும்.